கல்லறை விதையில முளைச்ச பாலைவனப் பனைன்னு ஒன்னு இருக்கா, ராமநாதபுரத்துல நடலாமா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிக்கிறேன். எகிப்துல பார்வோன் காலத்துக் கல்லறையில கிடைச்ச விதையை முளைக்க வெச்சு, அழிஞ்சே போன ஒரு பாலைவனப் பனையைத் திரும்பக் கொண்டுவந்துட்டாங்கன்னு ஒரு வீடியோவுல பார்த்திருக்கீங்க, அது நெசமான்னு ஒரு கேள்வி. அந்த மரத்துக்கு தண்ணியே வேண்டாமாமே, ராமநாதபுரம் பக்கம் கரிசல் மண்ணா இருக்கிற எங்க காட்டுல வைக்கலாமான்னு இன்னொன்னு. ஒரு நர்சரிக்காரர் ‘எகிப்து பனை’ன்னு விதை தர்றேங்கறார், வாங்கலாமான்னு மூணாவது. கேள்வி மூணா இருந்தாலும் இந்த மரம் இத்தனை ஆயிரம் வருஷமா எப்படி உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு புரிஞ்சுட்டா மூணுக்கும் பதில் தானா வந்துடும், அதனால நான் அந்த வழியாவே போறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. நான் காலேஜ்ல தாவரவியல் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவன், எங்க ஊர் தூத்துக்குடி பக்கம் தேரிக்காட்டு ஓரம், பனைன்னா எனக்கு படிப்பும் அதுதான் பொழுதுபோக்கும் அதுதான். ஆனா நீங்க கேக்குற மரத்தை அது வளர்ற எடத்துல போய் நான் பார்த்ததில்ல, பார்த்ததெல்லாம் ஒரு சேகரிப்பாளர் தொட்டியில வெச்சிருந்த சின்னக் கன்னுதான், மத்தது படிச்சு தெரிஞ்சது. நம்ம பனையைப் பத்தி சொல்றது கையால தொட்டு பார்த்து தெரிஞ்சது. இந்த ரெண்டையும் பிரிச்சு வெச்சுக்கிட்டே படிங்க.

அந்த வீடியோவுல ரெண்டு வேற வேற மரத்தோட கதையைப் போட்டு ஒன்னாக் கலக்கிட்டாங்க. பழைய விதையில முளைச்சது பேரீச்சை, எகிப்து கல்லறையில கிடைச்சதும் இல்ல. இஸ்ரேல்ல சாக்கடல் ஓரமா மசாடான்னு ஒரு மலைக்கோட்டை இருக்கு, 1960-கள்ல அங்க தோண்டினப்போ பேரீச்சங்கொட்டைங்க கிடைச்சுது. அதுல சிலதை வாங்கி, சாரா சாலன்ங்கற டாக்டரும் எலைன் சோலோவேங்கற விவசாய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 2005-ல மூணு விதை நட்டாங்க, ஒன்னு முளைச்சுது. சுமார் 2,000 வருஷப் பழைய விதைன்னு கார்பன் சோதனையிலயும் வந்துச்சு. அதுக்கு மெத்துசெலான்னு பேரு வெச்சாங்க, வளர்ந்து பூத்தப்போ பார்த்தா ஆண் மரம். அப்புறம் அதே வட்டாரத்துல கிடைச்ச வேற பழைய விதைங்களும் முளைச்சுது, அதுல ஹன்னான்னு ஒரு பெண் மரம் பூத்தப்போ மெத்துசெலாவோட மகரந்தத்தை வெச்சு சேர்க்கை பண்ணி 2020-ல 111 பழம் எடுத்தாங்க. விதைங்க முளைச்சது ஆய்விதழ்லயே வந்தது, சந்தேகமே வேண்டாம். ஆனா பேரீச்சை எப்பவுமே அழிஞ்ச மரம் இல்ல, உலகம் பூரா கோடிக்கணக்குல நிக்குது. காணாமப் போனது யூதேயாவுல, அதாவது அந்த வட்டாரத்துல இருந்த பழைய யூத நாட்டுல, அந்தக் காலத்துல பேர் போன ஒரு பழைய ரகம், அவ்வளவுதான்.

எகிப்து கல்லறை சமாச்சாரம் வேற மரம், அதோட பேரு ஆர்குன் பனை, தாவரவியல்ல மெடெமியா ஆர்குன். அது கல்லறையில இருந்தது உண்மை, அபூர்வமானது உண்மை, அழியுற நிலையில இருக்கிறதும் உண்மை. கல்லறை விதையில முளைச்சதுங்கறது மட்டும் கப்சா. 19-ம் நூற்றாண்டுல ‘மம்மி கோதுமை’ன்னு ஒரு புரளி ஐரோப்பாவுல ஓடுச்சு, பிரமிடுல எடுத்த கோதுமை முளைச்சு கதிர் விட்டுச்சுன்னு, சோதனை பண்ணிப் பார்த்தப்போ எல்லாம் பொய்யின்னு ஆச்சு, இதுவும் அந்த வம்சம்தான். பேரீச்சை விதை காய்ஞ்சாலும் உசிரைப் பிடிச்சு வெச்சுக்கிற ரகம், மசாடா வேற வறண்ட எடம், பாறை, உப்புக்காத்து, எல்லாம் சேர்ந்து வந்தது. அதை ஒரு விதிவிலக்காத்தான் எடுத்துக்கணும். பனைக் குடும்பத்துல நிறைய மரங்களோட விதைங்க சீக்கிரமே செத்துடும். நம்ம பனங்கொட்டையையே எடுத்துக்கோங்க, ஆவணி புரட்டாசியில பழம் விழுந்து பொறுக்கினதை அந்த மழைக்கே புதைச்சாத்தான் நல்லா முளைக்கும், மூட்டை கட்டி மச்சுல போட்டு அடுத்த வருஷம் நட்டா பாதி கூட தேறாது, இது கிழங்கு போடுற எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும்.

சரி ஆர்குன் கதைக்கு வர்றேன், நிஜக் கதையே சுவாரசியமானதுதான். மரம் உயிரோட இருக்குன்னு அறிவியல் உலகத்துக்கு தெரியறதுக்கு முன்னாடி அதோட பழம்தான் தெரிய வந்துச்சு. பசலாக்வான்னு ஒரு இத்தாலியர், பழைய எகிப்துத் தலைநகரமான தீபஸ் கல்லறைங்கள்ல தோண்டி எடுத்த சாமான்களை பாரிசுக்கு கொண்டுபோய் 1826-ல ஒரு பட்டியல் போட்டார், அதுல செடி, பழம், விதை பாகத்தை குந்த்ங்கற ஜெர்மன் தாவரவியலாளர் பார்த்தார். அதுல ஒரு பழம் என்னன்னே தெரியல. வெட்டிப் பார்த்தா உள்ள பருப்புல பழுப்பு வரி வரியா ஓடுது, அப்படியே கொட்டைப்பாக்கை குறுக்க சீவினா எப்படி இருக்குமோ அந்த மாதிரி. அவர் அதைப் பாக்கு மர வகையிலயே சேர்த்து அரேகா பசலாக்வேன்னு பேரு வெச்சுட்டார். வெத்தலைப் பாக்கு போடுற நமக்கு இது சிரிப்பா இருக்கும், ஆனா மரத்தைக் கண்ணால பார்க்காம காய்ஞ்ச பழத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண வேண்டிய நிலைமை, அவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் எகிப்துக்கு தெக்க, சூடான் வடக்குல இருக்கிற நூபியப் பாலைவனத்துப் பக்கம் போன ஜெர்மன் பயணிங்க உயிருள்ள மரத்தைப் பார்த்தாங்க, 1840-கள்ல மார்ட்டியஸ், அதாங்க பனைக் குடும்பத்துக்கே பெரிய புஸ்தகம் போட்டவர், அதை விவரிச்சு எழுதினார். கல்லறைப் பழமும் இந்த மரத்துப் பழமும் ஒன்னுதான்னு அதுக்கப்புறம்தான் பொருந்தி வந்துச்சு.

அதுக்குப் பிறகு ரொம்ப காலம் பெருசா செய்தியே இல்ல. சூடான் வட பக்கத்துல இருக்கறதா அங்கங்க குறிப்பு வரும், யாரும் தேடிப் போய் பார்க்கல. எகிப்துக்குள்ள உயிரோட இருக்கறதா 1963 வரைக்கும் யாருக்கும் தெரியாது, அந்த வருஷம்தான் லுத்ஃபி பூலோஸ்ங்கற எகிப்து தாவரவியலாளர் அஸ்வானுக்கு தென்மேற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர்ல இருக்கிற துங்குல் பாலைவனச் சோலையில அதைக் கண்டார். அங்க மனுஷங்க யாரும் குடியிருக்கல, கொஞ்சம் பேரீச்சை, கொஞ்சம் தூம் பனை, அதாவது தண்டு கவைச்சு வளர்ற ஆப்பிரிக்கப் பனை, நடுவுல இது. சூடான்ல மறுபடியும் இதோட நெலமை தெரிஞ்சது 1995-ல. மார்ட்டின் கிப்பன்ஸ், டோபியாஸ் ஸ்பானர்னு ரெண்டு பனைப் பைத்தியங்க, ஒருத்தர் இங்கிலாந்து, ஒருத்தர் ஜெர்மனி, வண்டி எடுத்துக்கிட்டு நூபியப் பாலைவனத்துல தேடிப் போய் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி நிறைய பேர் இந்த மரம் போயே போச்சுன்னு கணக்குல எழுதி வெச்சிருந்தாங்க. அங்க ஒட்டகம் மேய்க்கிற ஜனங்களுக்கு மரம் எங்க நிக்குதுன்னு எப்பவும் தெரியும், ஓலை வெட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க. அதனால ‘அழிஞ்சு போய் திரும்பி வந்துச்சு’ன்னு எங்கயாவது படிச்சீங்கன்னா, நம்ம கண்ணுல படாம இருந்துச்சு, அப்புறம் பட்டுச்சுன்னு திருத்திப் படிச்சுக்கோங்க. மரம் எங்கயும் போகல.

இப்ப முக்கியமான எடம். ஆர்குன் நம்ம பனைக்கு சொந்தக்காரன். தென்னை, பாக்கு, பேரீச்சை எல்லாம் பனைக் குடும்பம்தான்னாலும் தூரத்து உறவு, ஆனா நம்ம பனை, ஆப்பிரிக்கா தூம் பனை, மடகாஸ்கர் பிஸ்மார்க் பனை, செஷல்ஸ் தீவுல இருக்கிற கடல்தேங்கா, இந்த ஆர்குன், இதெல்லாம் ஒரே கிளை, பங்காளிங்க. நம்ம பனை மாதிரியே விசிறி ஓலை, நம்ம பனை மாதிரியே ஆண் மரம் தனி பெண் மரம் தனி. ஒத்தைத் தண்டு, சுமார் 10 மீட்டர் வரைக்கும் உசரம் போகும், மட்டை மஞ்சளா இருக்கும், ஓரத்துல நம்ம பனை மட்டையில கருக்கு இருக்கே அந்த மாதிரி கறுப்பு முள்ளு. ஓலை விறைப்பா நிக்காம பின்பக்கமா வளைஞ்சு தொங்கும். பழம் சின்னது, நுங்கு பழுத்த பனம்பழ சைஸ் எல்லாம் இல்ல, ஒரு பெரிய நாவல்பழத்தைவிட கொஞ்சம் பெருசு, கருஊதா நெறத்துல மினுமினுன்னு இருக்கும். சதை ரொம்ப கம்மி, திங்கிறதுக்கு ஒன்னும் இல்ல. மண்ணுல கொஞ்ச நாள் புதைச்சு வெச்சா உள்ள பருப்பு இனிப்பாகி தேங்கா மாதிரி ருசிக்கும்னு பழைய எழுத்துங்கள்ல ஒரு தகவல் உண்டு, நான் அதை தகவலாத்தான் சொல்றேன், நம்புறதா வேண்டாமாங்கறது உங்க பாடு.

இது பாலைவனத்துல பிழைச்சதோட ரகசியத்தை நம்ம ஊர் பனங்கிழங்குல பார்த்துடலாம். கொட்டையை மண்ணு மேல பாத்தி கட்டி அடுக்குறோம், மூணு நாலு மாசம் கழிச்சு தோண்டினா கொட்டை இருந்த எடத்துலயே இருக்கு, கிழங்கு ஒரு முழத்துக்கு கீழ போயிருக்கு. எப்படின்னா கொட்டையில இருந்து மொதல்ல வெளிய வர்றதைப் பார்த்து வேர்னு நினைப்போம், அது வேர் இல்ல, வித்திலையோட காம்பு. அது குழாய் மாதிரி நேரா கீழ எறங்கி, உள்ள இருக்கிற முளைக்குருத்தை பத்திரமா சுமந்துக்கிட்டு போய் ஆழத்துல எறக்கி வைக்கும், அங்க இருந்துதான் நிஜ வேர் கீழயும் குருத்து மேலயும் கெளம்பும். கொட்டைக்குள்ள ஒரு பாகம் பஞ்சு மாதிரி தங்கி, பருப்பைக் கரைச்சு கீழ அனுப்பிக்கிட்டே இருக்கும், கொட்டையை வெட்டி திம்போமே தவுன், அதுதான் அது. ஆர்குனும் இந்த மாதிரிதான் முளைக்கும். யோசிச்சுப் பாருங்க, மேல் மண்ணு கொதிக்குது, எப்பவோ ஒரு தடவை மலைப்பக்கம் மழை பேஞ்சு ஓடையில வெள்ளம் வந்து மண்ணை நனைச்சுட்டுப் போகுது, ஈரம் மேல இருந்து கீழ காய்ஞ்சுக்கிட்டே போகும், அதுக்கு முன்னாடி குஞ்சை ஆழத்துல கொண்டுபோய் சேர்த்துடணும். மேல ஒரு இலை எட்டிப் பார்க்கறதுக்குள்ள கீழ வேலை எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் பார்த்த அந்தத் தொட்டிக் கன்னுல மேல ரெண்டே ரெண்டு ஒல்லி இலை, சாம்பல் பூத்த பச்சை, பார்க்க ஒரு மதிப்பும் இல்ல, ஆனா வேர் தொட்டியோட அடி ஓட்டையைத் தாண்டி வெளிய வந்திருச்சு. அந்த சேகரிப்பாளர் அதுக்குன்னே பிவிசி பைப்பை வெட்டி நீட்டுக்குழாய்த் தொட்டி பண்ணிக்கிட்டிருந்தார்.

அதனால ‘தண்ணியே வேண்டாம்’ங்கறது தப்பு. மழை வேண்டாம், தண்ணி வேணும். அஸ்வான் பக்கம் வருஷத்துக்கு சராசரியா ஒரு மில்லிமீட்டர் மழை கூட பெருசு, பல வருஷம் ஒரு சொட்டும் விழாது. அங்க இந்த மரம் நிக்குதுன்னா அது வாதி ஓரத்துல, அதாவது எப்பவாவது ஓடுற காட்டாத்துப் படுகையில, இல்லன்னா நிலத்தடி நீர் மேல வர்ற பள்ளத்துல நிக்குது, வேர் கீழ ஈரத்துல இருக்கு. ஏறத்தாழ 5,000 வருஷம் முன்னாடி வரைக்கும் சகாரா இப்ப இருக்கிற அளவுக்கு வறண்டு கிடக்கல, புல்லும் ஏரியுமா இருந்துச்சுன்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. அது காய்ஞ்சு சுருங்கினப்போ கூட இருந்த மரங்க எல்லாம் போய், பள்ளத்துல தண்ணி மிச்சம் இருந்த எடங்கள்ல இது ஒதுங்கிடுச்சுன்னு பெரும்பாலும் நினைக்கிறாங்க. எனக்கும் அது சரின்னுதான் படுது, ஆனா இது ஊகம், மேல சொன்ன முளைப்பு சமாச்சாரம் மாதிரி உறுதி இல்ல.

பழங்கால எகிப்துல இது எவ்வளவு இருந்துச்சுங்கறதுக்கு ஒரு அருமையான தடயம் இருக்கு. இனெனின்னு ஒரு பெரிய அதிகாரி, சுமார் 3,500 வருஷம் முன்னாடி, பார்வோனுக்கு கட்டட வேலை பார்த்தவர். அவரோட கல்லறை தீபஸ்ல இருக்கு, அதுல அவர் தோட்டத்துல இருந்த மரங்களை வகை வகையா எண்ணி எழுதி வெச்சிருக்கார். பேரீச்சை 170, தூம் பனை 120, அத்தி வகைங்க இத்தனைன்னு போய்க்கிட்டே இருக்கு, ஆர்குன் வர்ற எடத்துல ஒன்னே ஒன்னு. அவ்வளவு வசதி உள்ள மனுஷன், நூத்துக்கணக்குல பனை வெச்சவர், இதுல மட்டும் ஒன்னுதான் வெச்சிருக்கார். அப்பவே அபூர்வமா இருந்திருக்கு, தெக்கத்திப் பக்கம் இருந்து கொண்டுவந்து காட்சிக்கு வெச்ச மரமா இருந்திருக்கும்னு இதை வெச்சு சொல்லலாம். ஆனா 4,000 வருஷத்துக்கு மேல பழைய கல்லறைங்கள்ல இருந்தே பழம் கிடைக்குது, அப்ப ஓரளவுக்காவது புழக்கத்துல இருந்திருக்கணும். திங்கவே லாயக்கில்லாத பழத்தை எதுக்கு செத்தவங்க கூட வெச்சாங்கங்கறதுக்கு மருந்து, சடங்கு, மறுபிறப்பு அடையாளம்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, எதுக்கும் அழுத்தமான ஆதாரம் இல்ல. வீடியோக்காரங்க இதைத்தான் ரொம்ப அழகா ஜோடிச்சு சொல்லுவாங்க, கேட்டுக்கோங்க, நம்பாதீங்க.

இவ்வளவு தாக்குப் பிடிச்ச மரம் இப்ப எதுக்கு அழியுது? இது ஓலை ஏவாரத்தால வந்த வினை, பனங்காட்டுல வளர்ந்தவனுக்கு சட்டுன்னு புரியும். ஆர்குன் ஓலை நல்லா வலுவான ஓலை, பாய் முடையவும் கயிறு திரிக்கவும் தூம் பனை ஓலையைவிட இதுதான் ஒசத்தின்னு அங்க உள்ள நாடோடி ஜனங்களுக்கு ஒரு மதிப்பு. தூம் பனை தண்டு ரெண்டு ரெண்டா கவைச்சு போற மரம், பல தலை இருக்கும், ஒரு தலையை மொட்டை அடிச்சாலும் இன்னொரு தலை வாழும். ஆர்குனுக்கு நம்ம பனை மாதிரி ஒரே தலை, ஒரே குருத்து. நம்ம ஆளுங்க ஓலை எடுக்கறப்போ சுத்தி இருக்கிற சாரோலையை எடுத்துட்டு குருத்தோலையை விட்டு வைப்பாங்க, குருத்தைத் தொட்டா மரம் இளைச்சுடும்னு தெரியும், அதுக்குன்னு ஒரு கணக்கு உண்டு. ஆனா அங்க வழிப்போக்கா வந்து வெட்டிட்டுப் போறவங்களுக்கு அந்தக் கணக்கு இல்ல, நெட்டையா இருந்தா ஏறக் கூட மாட்டாங்க, மரத்தையே சாய்ச்சுடுவாங்க. வடலிப் பருவத்துலயே வருஷா வருஷம் ஓலையை மொட்டை அடிச்சா தண்டே போடாது, தண்டு போடாத மரம் எப்ப பூக்கும், எப்ப காய்க்கும்? அதுலயும் ஆண் தனி பெண் தனி. ஒரு ஓடையில நாலு மரம் நின்னு நாலும் ஆணா போச்சுன்னா, அந்த நாலு மரமும் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் வம்சம் இல்ல. நம்ம ஊர்ல கண்ணுக்கெட்டின தூரம் பனை நிக்குது, ஆண் பெண் பிரச்சனை நமக்கு தெரியறதே இல்ல. அங்க ஒரு சோலைக்கும் அடுத்த சோலைக்கும் நடுவுல பல கிலோமீட்டர் வெறும் கல்லும் மணலும்.

எகிப்துல மொத்தமா உள்ள பெரிய மரங்க ரொம்பக் கொஞ்சம், விரல் விட்டு எண்ணலாம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு சின்ன தென்னந்தோப்பு அளவு கூட இல்ல. அஸ்வான்ல சுற்றுச்சூழல் துறையில வேலை பார்த்த ஹைத்தம் இப்ராஹிம் பல தடவை அந்தச் சோலைங்களுக்குப் போய் ஒவ்வொரு மரமா கணக்கெடுத்தவர், லண்டன் கியூ தோட்டத்துல பனை ஆராய்ச்சி பண்ற வில்லியம் பேக்கரோட சேர்ந்து 2009-ல அவர் எழுதின கட்டுரைதான் இந்த விஷயத்துல நான் நம்பிப் படிக்கறது. பெரும்பகுதி மரங்க சூடான்லதான் இருக்கு. சூடான்ல 2023 ஏப்ரல்ல இருந்து உள்நாட்டுப் போர், மனுஷன் உசிருக்கே உத்தரவாதம் இல்லாத எடத்துல மரம் எண்ணப் போறது யாரு. அதனால இப்ப இத்தனை மரம் இருக்குன்னு யாராவது உறுதியா ஒரு எண்ணிக்கை சொன்னா, எந்த வருஷத்துக் கணக்குன்னு திருப்பிக் கேளுங்க. நல்ல விஷயம் ஒன்னு இருக்கு, 1995-க்குப் பிறகு சூடான் விதைங்க பனை சேகரிக்கிறவங்க வழியா பல நாட்டுக்கு போயிடுச்சு, தோட்டங்கள்லயும் தனியார் வீடுகள்லயும் வளருது. பேருக்கு மரம் மிச்சம் இருக்கும். ஆனா ஒரே ஓடையில ஒரே கொஞ்சம் தாய் மரத்துல எடுத்த விதையில வந்ததுங்கதான் அதுல நிறைய இருக்கும், அந்த ஓடைங்க ஒவ்வொன்னுலயும் தனித்தனியா ஒதுங்கி வளர்ந்த மரங்களுக்கு அது ஈடாகாதுன்னு நான் நினைக்கிறேன்.

இப்ப உங்க காட்டுக்கு வருவோம். ராமநாதபுரத்துல வருஷத்துக்கு சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுல பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில மொத்தமா கொட்டும். நமக்கு அது வறட்சி ஜில்லா, ஆர்குனுக்கு அது வெள்ளக்காடு. வெயில் பத்தி கவலையே இல்ல, வெயில் அதுக்கு பத்தாமக்கூட இருக்கலாம். பிரச்சனை நெலத்துல தண்ணி நிக்கிறதும் கடல்காத்து ஈரமும். உங்களுது கரிசல்னு எழுதியிருக்கீங்க, மழை பேஞ்சா வாரக்கணக்குல சொதசொதன்னு நிக்கும், அந்த மண்ணுல ஆழமா வேர் விடுற சின்னக் கன்னு அழுகிப் போறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. செம்மண் தேரி, மணல் மேடு, தண்ணி நிக்காத எடம்னா ஒரு கை பார்க்கலாம். இது என் அனுமானம்தான், நம்ம கடற்கரை ஜில்லாவுல இந்த மரத்தை வளர்த்து காய்க்க வெச்சவங்க யாரையும் எனக்குத் தெரியாது. வெச்சாலும் ஒன்னு ரெண்டு வெச்சு பிரயோஜனம் இல்ல, பூக்கிற வரைக்கும் ஆணா பெண்ணான்னு தெரியாது, நம்ம பனையே பாளை விட பத்துப் பதினைஞ்சு வருஷம் ஆக்குது. ஏழெட்டு கன்னாவது கிட்டக் கிட்ட இருந்தாத்தான் ரெண்டும் கலந்து வரும். இதுல பொறுமை இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் நான் சரின்னு சொல்லுவேன். நெழலுக்கு, காத்துத் தடுப்புக்கு, வருமானத்துக்குன்னா உங்க வரப்புல பனங்கொட்டையைப் போடுங்க, அதுக்கு மேல அந்த நெலத்துக்கு ஏத்த மரம் உலகத்துல கிடையாது. அபூர்வமா ஒன்னு வேணும்னு ஆசைன்னா, குஜராத் கடற்கரை, டையூ பக்கம் நம்ம நாட்டுலயே கவைச்சு வளர்ற ஒரு பனை இருக்கு, ஹோக்கான்னு சொல்லுவாங்க, தூம் பனையோட கூடப்பிறந்தது. அதுக்கும் ஆபத்து இருக்கு, கவனிப்பு வேணும், கஸ்டம்ஸ் தொல்லையும் கிடையாது.

கஸ்டம்ஸ்னு சொன்னதும் நர்சரி விஷயம். வெளிநாட்டுல இருந்து நடுறதுக்கான விதை கொண்டுவரணும்னா 2003 தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்கணும், அந்த நாட்டு அரசாங்கத்தோட தாவர சுகாதாரச் சான்றிதழ் கூட வரணும், பட்டியல்லயே இல்லாத செடின்னா பூச்சி நோய் அபாயம் என்னன்னு ஆராய்ஞ்சு முடிச்சாத்தான் விடுவாங்க. வேண்டாத கெடுபிடின்னு நினைக்காதீங்க. வட ஆப்பிரிக்காவுல பேரீச்சையை பயூத்னு ஒரு பூஞ்சாண நோய் தோப்பு தோப்பா தூக்கியிருக்கு, அந்த மாதிரி ஒன்னு ஒரு கொட்டை மண்ணோட ஒட்டிக்கிட்டு வந்து நம்ம பனங்காட்டுக்குள்ள பூந்துச்சுன்னா கேக்க நாதி இல்ல. யாரோ துபாய்ல இருந்து பையில போட்டு எடுத்துட்டு வந்ததுன்னு சொன்னா, அந்த விதையைத் தொடாதீங்க.

அதைவிட பெரிய சந்தேகம் என்னன்னா, அது ஆர்குனே இல்லாம இருக்கலாம். ‘எகிப்து பனை’ங்கற பேர்ல தூம் பனைக் கொட்டையை விக்கிறது சுலபம், எகிப்து பூரா அது கிடைக்குது. இன்னொன்னு மடகாஸ்கர் பிஸ்மார்க் பனை, வெள்ளி நெறத்துல ரிசார்ட் வாசல்லயும் புது லேஅவுட் முகப்புலயும் நிக்குமே அது, நம்ம நர்சரிங்கள்ல சாதாரணமா கிடைக்கும். அதை ஒரு காலத்துல தாவரவியலாளருங்களே மெடெமியா வகையில சேர்த்து மெடெமியா நோபிலிஸ்னு எழுதினாங்க, அப்புறம்தான் பிரிச்சாங்க, அதனால பழைய லேபிள் பார்த்து விக்கிறவர் மனசறிஞ்சு ஏமாத்துறார்னு கூட சொல்ல முடியாது. தூம் பனையா ஆர்குனான்னு பார்க்கிறது ஈசி. ஒரு கொட்டையை வீணாப் போனாலும் பரவால்லன்னு ரம்பத்துல குறுக்க அறுக்கச் சொல்லுங்க. பருப்பு வெள்ளையா ஒரே சீரா இருந்து நடுவுல ஓட்டை இருந்தா தூம் பனை. பாக்கு மாதிரி பழுப்பு வரி உள்ள வரைக்கும் ஓடி இருந்தா மேற்கொண்டு பேசலாம். பிஸ்மார்க்கை விதையில நீங்க பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம், அது முளைச்சப்புறம்தான், ஆரம்பத்து இலைங்கள்ல செவப்பு ஊதா சாயல் அடிச்சு அப்புறம் வெள்ளி நெறத்துக்கு மாறும், ஆர்குன் அப்படி செவப்பு காட்டாது. அறுத்த கொட்டையை நல்ல வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து கீழ போடுங்க, கூட ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க, நானும் பார்க்கிறேன், பழ விதை அமைப்புல என்னைவிட கெட்டிக்காரரா இருக்கிற ஒரு நண்பருக்கும் அனுப்பிக் கேட்டு சொல்றேன். அறுக்க மாட்டேன், அனுமதிப் பத்திரமும் காட்ட மாட்டேன்னு நர்சரிக்காரர் சொன்னா காசு கொடுக்காதீங்க.